பழுப்பா? தங்கமா?

"இதுதான் சாட்சியா?" என்றாள் துமினி.

முர்தினா தலையசைத்தாள். மடித்த பாத்திக் துணிக்குள்ளிருந்து அவள் எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு வெள்ளைத் தாள். புகைப்படம் போடுகிற கெட்டித் தாள். முன்பக்கம் வெள்ளை. துமினி திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெள்ளை.

"அருமையான சாட்சி. எந்த வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணாலும் வாயைத் திறக்காது."

தர்சோனோ சிரிக்கவில்லை. அவர் அரசு அடகுக்கடையில் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனங்கள் அழுதுகொண்டே நீட்டிய பித்தளையைப் பார்த்து 'இது தங்கம் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே காலம் கழித்ததில் முகம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அதே முகத்தை வைத்துக்கொண்டு துப்பறிகிறார். துமினி அவருடைய உதவியாளர். கெத்தோப்ராக் நாடகக் குழுவில் கோமாளி வேஷம் கட்டியவள். குழு கலைந்ததும், ஜோக்ஜாவிலேயே சிரிக்காத ஒரே மனிதரைச் சிரிக்க வைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இன்றுவரை கங்கணத்தை அவிழ்க்க வேளை வரவில்லை.

"எங்கே கிடைச்சுது?" என்று கேட்டார் தர்சோனோ.

"குளியல் தொட்டியில, பாக்," என்று ஐயா போட்டுச் சொன்னாள் முர்தினா. "என் வீட்டுக்காரர் எல்லாப் படத்தையும் அதுலதான் கழுவுவார். நான் திட்டுவேன். குளிக்கப் போனா யாரோ ஒரு கல்யாணப் பொண்ணு நம்மளைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு மிதப்பா."

முர்தினா இதைச் சொல்லும்போது உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது. அவளுடைய கணவர் பிரதிக்தோ புகைப்படக்காரர். கோத்தாகெடேயின் வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே, வீட்டுப் பின்கட்டில் ஓர் இருட்டறை வைத்துக்கொண்டு ஊருக்குப் படம் போட்டுக் கொடுத்தவர். ஞாத்ரான் அன்று, நோன்பு மாதத்துக்கு முன்னால் ஊரே பெற்றோர் கல்லறைகளைக் கழுவப் போகும் அந்த நாளில், முர்தினாவும் பாந்துலுக்குப் போய் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் திரும்பி வந்தபோது கிணற்றடிச் சிமென்ட் தரையில் பிரதிக்தோ மண்டை உடைந்து இறந்து கிடந்தார்.

சார்ஜென்ட் புர்வோ ஒரு கிராம்பு சிகரெட் எரிந்து முடிவதற்குள் வழக்கையும் முடித்தார். முந்தின நாள் மாலை அந்த வீட்டில் சண்டை. சண்டை போட்டது முர்தினாவின் தம்பி திர்தோ. 'உன்னால எல்லாம் வெள்ளையாக் கிடக்கு!' என்று பிரதிக்தோ கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது. திர்தோ கோபத்தில் வெளியே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அவன் எப்போது திரும்பி வந்தான் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்கு ஆள் வேண்டும் என்றோ, அன்று வீட்டுக்கு வேறு யார் வந்தார்கள் என்று திர்தோவைக் கேட்க வேண்டும் என்றோ சார்ஜென்ட்டுக்குத் தோன்றவும் இல்லை. அக்காள் புருஷனைத் தள்ளிவிட்டான், பிடித்து லாக்கப்பில் போட்டாயிற்று, முடிந்தது. திங்கட்கிழமை கோப்பு அரசு வக்கீல் கைக்குப் போகிறது. அங்கே போன கோப்பும் ஆளும் லேசில் திரும்பியதில்லை.

"அவர் போயிட்டார். திர்தோவும் போயிட்டா, இந்த வீட்டுல நான் யாருக்கு சோறு வடிக்கிறது?" என்றாள் முர்தினா. அழவில்லை. கேள்வியாகவே கேட்டாள்.

துமினி தேநீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தர்சோனோ தாளை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அடகு மோதிரத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டார். வெறும் வெள்ளை இல்லை அது. தேநீர் சிந்தித் துடைத்த மாதிரி, சொன்னால்தான் தெரிகிற ஒரு மஞ்சள் நிழல் அதில் இருந்தது.

"துமி, வெள்ளைத் தாளை யாராவது கழுவுவாங்களா?"

"என் மாமியார் கழுவுவாங்க. மத்தவங்க மாட்டாங்க."

"அதான். கழுவியிருக்கார்னா, அதுல ஏதோ இருந்திருக்கு."

"நான் சார்ஜென்ட்கிட்ட சொன்னேன் பாக்," என்றாள் முர்தினா. "பழுப்பு நிறம் ஏத்தற நாள்ல அவர் படத்தை முதல்ல ஒரு மஞ்சத் தண்ணியில போடுவார். படம் மறைஞ்சு போயிடும். நல்லாக் கழுவிட்டு, நாத்தம் புடிச்ச இன்னொரு தண்ணியில போடுவார். படம் பழுப்பாத் திரும்பி வந்துரும். இதுலயும் படம் இருக்கும்னு சொன்னேன். 'மந்திரவாதியைக் கூப்பிட்டு அனுப்பவா'ன்னு கேட்டார்."

"நாத்தத் தண்ணி எங்கே?"

"பாட்டில் காலி. அன்னைக்கு சண்டையே அதுக்குத்தான். அதை வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கார். திர்தோ வெறுங்கையோட வந்திருக்கான். எங்கே வாங்குவான்னு எனக்குத் தெரியாது. அவனைப் பார்க்கவும் விட மாட்டேங்கறாங்க." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணு. அன்னைக்கு எடுத்த ஃபிலிமைக் காணோம். கேமராவுக்குள்ளயும் இல்ல, கழுவி மாட்டற கம்பியிலயும் இல்ல."

தர்சோனோவும் துமினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபிலிமை எடுத்துப் போன ஒருவன் இருக்கிறான். குளியல் தொட்டியை எட்டிப் பார்க்காத ஒருவன்.

"இந்த நிறம் ஏத்தற மருந்து, டோனர் விஷயமெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார் தர்சோனோ.

"மஸ் குந்தோரோவைக் கேளுங்க. மாலியோபோரோவுல ஸ்டுடியோ. பெரிய ஆளு. என் வீட்டுக்காரரோட சிநேகிதர்."

*

குந்தோரோவின் ஸ்டுடியோவில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி குரலையும் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. சுவர் நிறையப் படங்கள். எரிமலை, வயல், சுருக்கம் விழுந்த முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் 'குந்தோரோ, தம் கையாலேயே செய்த பிரின்ட்' என்று எழுதியிருந்தது. அவர் சட்டைப் பையின்மேல் வெள்ளியில் செய்த சின்ன இலை ஒன்று குத்தியிருந்தது.

"அழகா இருக்கே, மஸ்," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் துமினி.

"ஜகார்த்தாவுல கொடுத்தாங்க. ஞாத்ரானுக்கு முந்தின நாள். நாட்டுக்கே ஒருத்தருக்குத்தான்." குந்தோரோ இலையைத் தொட்டு நேராக்கினார். "அங்கிருந்து நேரா செமாராங், எங்க அக்கா வீடு. இங்க வர்றதுக்குள்ள பிரதிக்தோவை அடக்கம் பண்ணிட்டாங்க. முகம்கூடப் பார்க்க முடியல." கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

துமினி தொழில்முறையில் கவனித்தாள். கைக்குட்டை முதலில் வந்தது. கண்ணீர் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தது. அவளுடைய குழுவில் யாராவது இப்படி அழுதால் மேளக்காரரே எழுந்து வந்து அடிப்பார்.

"ஒரு சந்தேகம் கேக்கணும், மஸ்," என்றார் தர்சோனோ. "ஒரு படத்துக்கு எந்த டோனர்னு எப்படித் தேர்ந்தெடுக்கறது?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல குந்தோரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டோனர்ங்கறது வெறும் நிறம் இல்ல, பாக். படத்தோட ஆத்மா. செலீனியம் போட்டா கறுப்பு ஆழமாகும், லேசா நாவல்பழச் சாயல் வரும். அது ராஜ களை உள்ள முகத்துக்கு. இரும்பு போட்டா நீலம். கடலுக்கும் துக்கத்துக்கும். தங்கம், அது அமரத்துவத்துக்கு."

"பழுப்பு?"

"கந்தகப் பழுப்பா?" குந்தோரோ மூக்கைச் சுளித்தார். "கல்யாண வீட்டுக்காரங்களுக்கு. அழுகின முட்டை நாத்தம். கலைஞன் தொட மாட்டான்."

"எனக்கு எது பொருந்தும், மஸ்?" என்று துமினி முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

குந்தோரோ நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்களுக்கு டோனர் தேவையில்ல."

"புகழறாரா, பாக்?"

"இல்ல," என்றார் தர்சோனோ. பிறகு பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். "பிரதிக்தோ கடைசியா ஒரு படத்தை மறைய வெச்சுக் கழுவிட்டுப் போயிட்டார். தொட்டியில கிடந்துது. அதைத் திரும்ப வரவழைக்கணும்."

குந்தோரோவின் தேநீர்க் குவளை வாய்க்கும் மேசைக்கும் நடுவே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

"அவனோட கடைசிப் படமா? எங்கே? இங்க கொண்டு வாங்க. நானே பண்றேன்."

"அந்தப் பொண்ணு அதைக் கையை விட்டு விட மாட்டேங்கறா."

"அப்படியா... கந்தகம் வேற இப்ப ஊர்லயே கிடைக்காது. வெளிநாட்டுச் சரக்கு வர்றது நின்னுபோச்சு." குந்தோரோ எழுந்து உள்ளே போனார். சற்று நேரம் கழித்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலோடு வந்தார். "தங்கம். எங்கிட்ட இருந்த கடைசிப் பாட்டில். சிநேகிதனுக்காகக் கொடுக்கறேன். தாளை இதுல நல்லா ஊற விடுங்க. பொன்னா எழுந்து வரும். காசெல்லாம் வேணாம்."

வெளியே வந்து சைக்கிள் ரிக்‌ஷாவான பெச்சாவில் ஏறியதும் துமினி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன மனசு, பாக்! தங்கத்தைத் தண்ணியாக் கரைச்சு சும்மா தூக்கிக் கொடுக்கறார்."

"அடகுக்கடைக்குத் தங்கம் கொண்டு வந்தவன் ஒருத்தன்கூட 'காசு வேணாம்'னு சொன்னதில்ல, துமி."

"அப்ப இது தங்கம் இல்லையா?"

"தெரியாது. உரசிப் பார்க்காம நான் எதையும் சொல்றதில்ல. உரசிப் பார்க்க இன்னொரு சரக்கு வேணும். அந்தக் கந்தகம்."

"அதான் ஊர்லயே கிடைக்காதாமே..." என்று ஆரம்பித்த துமினி பாதியில் நிறுத்தினாள். இருக்கைக்குப் பின்னால் மிதித்துக்கொண்டிருந்த பெச்சாக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "கோத்தாகெடே போப்பா. வெள்ளிக்காரர் தெரு."

"எதுக்கு?"

"அழுகின முட்டை நாத்தம்னாரே, பாக். நாடகத்துக்கு வெள்ளிக் கிரீடம் வாங்கப் போனப்பல்லாம் நான் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பேரம் பேசியிருக்கேன். பூ வேலைப்பாடு எடுப்பாத் தெரியணும்னு வெள்ளியைக் கறுக்க வைப்பாங்களே, அந்தத் தண்ணி! மாலியோபோரோவுல இருக்கறவருக்கு டோனர் கப்பல்ல வரணும். கோத்தாகெடேக்காரனுக்கு அது பக்கத்து வீட்டு அடுப்புல கொதிக்குது."

தர்சோனோ அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரித்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. இல்லை.

*

"பிரதிக்தோவுக்கா?" என்றார் வெள்ளிப் பட்டறை சஸ்த்ரோ. பாத்திரத்தில் கறுத்துக்கொண்டிருந்த தட்டை இடுக்கியால் புரட்டினார். நாற்றம் எழுந்து வந்து துமினியின் கண்ணைக் குத்தியது. "இந்தக் கந்தகத் தண்ணியை இங்க இருக்கற போட்டோக்காரங்க எல்லாரும் எங்ககிட்டதான் வாங்குவாங்க. நாங்க வெள்ளியைக் கறுப்பாக்கறோம், அவங்க தாளைப் பழுப்பாக்கறாங்க. படத்துலயும் வெள்ளிதானே இருக்காம், அவன் சொல்லுவான்."

"ஞாத்ரான் அன்னைக்கு திர்தோ வந்தானா?"

"வந்திருப்பான். நாங்க யாரு இருந்தோம்? தெரு முழுக்கப் பூட்டு. எல்லாரும் கல்லறையில. பாவம், ஒவ்வொரு கதவாத் தட்டியிருப்பான்."

திர்தோ வெறுங்கையோடு வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஊரே இறந்தவர்களைப் பார்க்கப் போயிருந்ததால் ஒரு படம் வெள்ளையாகவே கிடந்தது. சார்ஜென்ட் அதைக் கொலைக்கான காரணம் என்று எழுதிக்கொண்டார்.

சஸ்த்ரோ ஒரு சீசா நிறைய ஊற்றிக் கொடுத்தார். துமினி அதைக் கைநீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெச்சாக்காரர் வழியெல்லாம் பின்னாலிருந்து அவளைச் சந்தேகமாகவே எட்டி எட்டிப் பார்த்தார்.

*

முர்தினாவின் கிணற்றடியில் இரண்டு சீசாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் தங்கம், பெரிய மனிதர் கொடுத்தது. இன்னொன்றில் கந்தகம், மூக்கால் கண்டுபிடித்தது. வெள்ளைத் தாள் ஒன்றே ஒன்று. தவறான தண்ணீரில் போட்டால் இன்னொரு முறை போட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

முர்தினா முதல் சீசாவை மோந்து பார்த்தாள். "புளிச்ச வாடை வருது." இரண்டாவதை மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதான் அந்த நாத்தம். இந்த நாத்தம் வந்த அன்னைக்கெல்லாம் அக்கம்பக்கத்துல எங்க வீட்டுச் சமையலைப் பத்திப் பேசுவாங்க. ஆனா மஸ் குந்தோரோ தங்கம்னு சொல்லியிருக்கார். தங்கத்துக்கு இந்த நாத்தம் இருக்கணும்னு இல்லையே."

"உரசிப் பார்த்துடலாம்," என்றார் தர்சோனோ. "அந்த மஞ்சத் தண்ணி மீதி இருக்கா? இருந்தா, உங்க புருஷன் போட்ட ஏதாவது ஒரு பழைய படம் கொடுங்க. மறைய வெச்சு, ரெண்டா வெட்டி, ஒவ்வொண்ணுல ஒரு பாதி. பிடிக்காத படமாப் பார்த்துக் கொடுங்க. ஒரு பாதி போனாலும் போகும்."

"ஊர்ல பாதிப் பேர் படம் அவர்கிட்டதான் இருக்கும். மாவட்ட அதிகாரி படம் கொடு, ஜெங்," என்றாள் துமினி. "பாதி முகம் போனா யாருக்கு என்ன நஷ்டம்?"

முர்தினா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இருந்தது அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம். கல்யாணத்துக்குப் பிறகு பிரதிக்தோ தானே கேமராவை நிறுத்தி வைத்துவிட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற படம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, இது வேணாம், ஜெங்!"

"மத்ததெல்லாம் அடுத்தவங்க படம், துமி அக்கா. அடுத்தவங்க முகத்தை அழிக்க அவர் ஒத்துக்க மாட்டார்."

மஞ்சள் தண்ணீரில் படம் போனது. முதலில் அவளுடைய உடை மங்கியது, பிறகு இரண்டு முகங்களும் ஒன்றாகக் கரைந்தன. வெள்ளையாகிப்போன அந்தத் தாளை முர்தினா கழுவினாள், தண்ணீரில் மஞ்சள் தெளியும்வரை. கத்தரிக்கோலை எடுத்தவள் எங்கே வெட்டுவது என்று யாரையும் கேட்கவில்லை. இல்லாத இரண்டு பேருக்கு நடுவே சரியாக வெட்டினாள்.

"என்னை அந்தத் தங்கத்துல போடுங்க," என்றாள். "அவரை நாத்தத் தண்ணியில போடுங்க. அவருக்கு அது பழக்கம்."

துமினி இரண்டு தட்டுகளிலும் ஊற்றினாள்.

நாற்றத் தண்ணீரில் விழுந்த பாதி, விழுந்த மறுகணமே கலங்கியது. பழுப்பாக ஒரு தோள், பழுப்பாக ஒரு காது, மூச்சு வாங்கிக்கொண்டு பிரதிக்தோ வந்து நின்றார். முர்தினா அவர் கன்னத்தைத் தொட விரலை நீட்டி, தண்ணீர் கலையக்கூடாதே என்று இழுத்துக்கொண்டாள்.

தங்கத்தில் கிடந்த பாதியை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அதில் இருந்த மஞ்சள் நிழலும் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் அது சுவர்போல வெளுத்துப்போயிற்று. தர்சோனோ அதை எடுத்து அலசி, கந்தகத்தில் போட்டுப் பார்த்தார். எதுவும் வரவில்லை. இனி எதில் போட்டாலும் வராது.

"ஹைப்போ," என்றாள் முர்தினா மெதுவாக. "இப்பத்தான் வாடை பிடிபடுது. எல்லாப் படத்தையும் கடைசியா இதுல போடுவார். தாள்ல மிச்சம் இருக்கறதையெல்லாம் கரைச்சு எடுத்துடும், மறைய வெச்ச படத்தையும் சேர்த்து."

"எல்லா போட்டோக்காரங்களுக்கும் இது தெரியுமா?"

"படம் போடக் கத்துக்கற முதல் நாளே தெரியும்."

"அப்படின்னா தெரிஞ்சேதான் கொடுத்திருக்கார்," என்றாள் துமினி. "பொன்னா எழுந்து வருமாம்!" அவளுக்குக் கெட்ட வார்த்தைதான் வாயில் வந்தது. துக்க வீடு என்பதால் விழுங்கினாள்.

தர்சோனோ கேட்டார். "குந்தோரோவுக்கும் உங்க புருஷனுக்கும் என்ன தொழில் தொடர்பு?"

"மஸ் குந்தோரோ ஃபிலிம் அனுப்புவார். இவர்தான் பிரின்ட் போட்டுக் கொடுப்பார். மருந்து பட்டா அவருக்குக் கை அரிக்குமாம்."

"சுவத்துல இருந்த எரிமலை, வயல்?"

"எல்லாம் இந்தக் கிணத்துத் தண்ணியில கழுவினதுதான்." முர்தினா கொஞ்சம் தயங்கினாள். "அடுத்த தடவை வரும்போது கேக்கப்போறேன்னு சொல்லிட்டிருந்தார். படத்துக்குப் பின்பக்கம் 'பிரின்ட் போட்டவர் பிரதிக்தோ'ன்னு சின்னதா எழுதிக்கட்டுமான்னு. முன்னாடி இல்ல, பின்னாடி."

"தம் கையாலேயே செய்த பிரின்ட்," என்று துமினி குந்தோரோவின் குரலிலேயே சொன்னாள். "பாக், அந்தத் தாளை இப்பவே போட்டுப் பார்த்துடலாமா?"

"வேணாம். நாம தனியாப் போட்டா, நாமளே வரைஞ்சோம்னு சார்ஜென்ட் சொல்லுவார். அவர் கண்ணு முன்னால வரட்டும். குந்தோரோவையும் கூப்பிடு. அவர் தங்கம் வேலை செய்யறதை அவரே பார்க்க வேணாமா? அப்புறம், துமி, இந்த ஒரு தடவை அவர் மன்னிப்பார், அந்த மாவட்ட அதிகாரி படம் ஒண்ணு எடுத்து மறைய வை. முழுசா."

*

மறுநாள் காலை கிணற்றடியில் நாற்காலிகள் போட்டிருந்தன. சார்ஜென்ட் புர்வோ கிராம்பு சிகரெட்டோடு ஒன்றில் உட்கார்ந்தார். "மந்திரவாதி வந்தாச்சா?" என்று கேட்டு, தம்மோடு வந்த கான்ஸ்டபிளைச் சிரிக்க வைத்தார். குந்தோரோ கறுப்புச் சட்டையில் வந்தார். இலை இன்று இல்லை. துக்கத்துக்குப் பொருந்தாது என்று தீர்மானித்திருக்க வேண்டும். ரசனை உள்ளவர்.

தர்சோனோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நீங்களே உங்க கையால போடுங்க, மஸ்."

குந்தோரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தங்கத்தைத் தட்டில் ஊற்றி, தாளை மரியாதையாக உள்ளே இறக்கினார். எல்லாரும் குனிந்தார்கள். எதுவும் எழவில்லை. நேரம் போனது. சார்ஜென்ட் கொட்டாவி விட்டார்.

"பச்!" குந்தோரோ தலையை ஆட்டினார். "நினைச்சேன். அவனோட மருந்து பழசு. படம் தங்கல. என் தங்கம் வீணாப் போச்சேன்னு இல்ல, அவன் கடைசிப் படம் போச்சேன்னுதான் வருத்தம்." கைக்குட்டை வந்தது.

"ரொம்ப நஷ்டம், மஸ்," என்றாள் துமினி. "மாவட்ட அதிகாரி அவர் பொண்டாட்டியோட எடுத்துக்கிட்ட படம் அது. ரெண்டு பேரும் ஒரேயடியாப் போயிட்டாங்க."

கைக்குட்டை கண்ணுக்குப் போகும் வழியில் நின்றது.

முர்தினா உள்ளிருந்து வந்தாள், பாத்திக் துணியோடு. துணியைப் பிரித்தாள். சஸ்த்ரோவின் தண்ணீர் ஊற்றிய தட்டு கிணற்றுச் சுவரின்மேல் இருந்தது. யாரையும் பார்க்காமல் தாளை அதில் விட்டாள். சார்ஜென்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். பொத்திய கை அப்படியே இறங்கியது.

முதலில் பழுப்பாக ஒரு ஜன்னல் வந்தது. பிறகு நாற்காலியின் முதுகு. கால்மேல் கால் போட்ட ஒரு மனிதர். அவர் சட்டைப் பையின்மேல் ஒரு சின்ன இலை. கடைசியாகப் புன்னகை வந்தது. நாட்டுக்கே ஒருவருக்குக் கிடைத்ததைச் சிநேகிதனிடம் காட்ட வந்தவரின் புன்னகை.

"அட, நீங்க!" என்றார் சார்ஜென்ட்.

"பழைய படம்," என்றார் குந்தோரோ. "எப்பவோ எடுத்தது. அவன் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கேன்."

"இலை எப்ப கிடைச்சுது, மஸ்?" என்று தர்சோனோ கேட்டார். "ஞாத்ரானுக்கு முந்தின நாள், ஜகார்த்தாவுல. நீங்களே சொன்னீங்க. படம் போட்டவர் ஞாத்ரான் ராத்திரி செத்துப்போனார். செத்தவர் படம் போட மாட்டார். நடுவுல இருக்கறது ஒரே ஒரு பகல். அந்தப் பகல்ல நீங்க செமாராங்ல அக்கா வீட்டுல இருந்தீங்க. இந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கறது யாரு?"

சார்ஜென்ட்டின் சிகரெட் சாம்பல் அவர் கால்சட்டையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"சந்தோஷத்துல எடுத்திருக்கார்," என்றாள் முர்தினா. இன்னும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பழுப்பு அவர் எல்லாருக்கும் போட மாட்டார், மஸ். கல்யாணம் ஆனவங்களுக்கு, அப்புறம் மனசுக்கு ரொம்ப வேண்டியவங்களுக்கு. உங்களுக்குப் பழுப்புதான்னு முடிவு பண்ணியிருக்கார். அதுக்காகத்தான் என் தம்பியைத் தெருத் தெருவா விரட்டியிருக்கார். அப்புறம்தான் உங்ககிட்ட கேட்டிருப்பார். பின்னாடி சின்னதாப் பேரு எழுதிக்கட்டுமான்னு."

"சின்னதாத்தான் சொன்னான்!" குந்தோரோவின் குரல் கீச்சென்று உடைந்தது. "எல்லாரும் சின்னதாத்தான் ஆரம்பிப்பாங்க! அப்புறம் ஜகார்த்தாவுல யாராவது திருப்பிப் பார்ப்பாங்க, அப்புறம்..." தாம் பேசிவிட்டது அவர் காதிலேயே விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

துமினிக்கு நாக்கு நுனியில் நல்லதாக ஒரு வேடிக்கை வந்து நின்றது. சொல்லாமல் விட்டாள். அன்று அவள் செய்த பெரிய வேலை அதுதான்.

சார்ஜென்ட் புர்வோ எழுந்தார். கான்ஸ்டபிளிடம், "சைக்கிள்ல போய் லாக்கப்பைத் திறந்து அந்தப் பையன் திர்தோவைக் கூட்டிட்டு வா. சாப்பிட்டானான்னு கேளு," என்றார். பிறகு குந்தோரோவின் தோளில் கை வைத்தார். முர்தினாவின் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இபு, அந்தப் படத்தைக் கொடுங்க. அதுதான் சாட்சி. கொண்டு போகணும்."

"கொண்டு போங்க. கழுவிக் கொடுக்கறேன்."

அவள் பழுப்புப் படத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் குளியல் தொட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு பக்கம் பார்த்து, புரட்டி, மறுபக்கம் பார்த்து, பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். சார்ஜென்ட் காத்திருந்தார். கால் மாற்றி நின்றார். அவள் மறுபடியும் தண்ணீர் மாற்றினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம், இபு?"

"அதெல்லாம் போதும்," என்றார் குந்தோரோ, பழக்க தோஷத்தில். பெரிய மனிதரிடம் யாரோ படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்களே. "ரெண்டு அலசு அலசினாலே போதும்."

முர்தினா திரும்பவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும், மஸ்?" என்றாள். "நீங்க ஒரு படம்கூடக் கழுவினது இல்லையே. அரைகுறையாக் கழுவினா நாளைக்கு மஞ்சள் பூத்துடும். அவர் போட்ட படம் அப்படி இந்த வீட்டை விட்டு வெளியே போனதில்ல."

சார்ஜென்ட் குந்தோரோவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் தாமும் உட்கார்ந்தார். முர்தினா தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள்.